இஞ்சி மொரப்பா: கடிதமும் பதிலும்

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

போன மாதம் ஊருக்கு வந்திருந்தபோது திருநெல்வேலியிலிருந்து தென்காசி போகிற பஸ்ஸில் ஒருவரைப் பார்த்தேன். ஆலங்குளத்தில் ஏறினார், இஞ்சி மொரப்பா விற்கிறவர். சும்மா கூவி விற்கவில்லை. வாயு பிடித்தவர் எப்படி நடப்பார், பஸ்ஸில் குமட்டுகிறவர் ஜன்னல் சீட்டை எப்படிப் பார்ப்பார், கல்யாண வீட்டில் நாலு தடவை பாயசம் வாங்கியவர் ராத்திரி எப்படிப் புரளுவார் என்று ஒவ்வொன்றாக நடித்துக் காட்டினார். கடைசியில் ஒரு துண்டை வாயில் போட்டு ஓர் ஏப்பம் விட்டார் பாருங்கள், பஸ்ஸே சிரித்தது. பாவூர்சத்திரத்தில் இறங்கிப் போய்விட்டார். நான் ஐடி வேலையில் இருக்கிறேன். மீட்டிங்கில் எட்டுப் பேர் முன்னால் பேச எழுந்தாலே கை நடுங்கும். இவர்களுக்கு மட்டும் எப்படிக் கூச்சமே இல்லை? அவரைப் போனில் வீடியோ எடுத்து வைத்திருக்கிறேன், போடலாமா? என் பெயரை மட்டும் தயவுசெய்து வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர், சென்னை

அன்புள்ள தம்பி,

பெயர் வேண்டாம் என்கிறீர்கள், சரி, போடவில்லை. அவர் முகத்தை மட்டும் ஊருக்கெல்லாம் காட்டலாமா என்று கேட்கிறீர்கள். அதை அப்புறம் பார்ப்போம்.

கூச்சமே இல்லாத ஆட்கள் என்று தனியாக இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. எங்கள் தெருமுனையில் ஒரு டெய்லர் இருக்கிறார். அளவெடுக்கும்போது நம் முகத்தைப் பார்க்க மாட்டார், டேப்பிடம்தான் பேசுவார். கூலி கேட்பதற்குள் அவருக்கு வேர்த்துவிடும். அவர் வருஷா வருஷம் குலசை முத்தாரம்மன் கோயில் தசராவுக்குக் காளி வேஷம் கட்டுகிறவர். (1986இல் மாவட்டம் பிரிந்தபோது குலசை என்கிற குலசேகரன்பட்டினம் தூத்துக்குடியோடு போனது. எங்கள் கணக்கில் அது இன்னும் நெல்லைச் சீமைதான்.) பிள்ளைக்கு உடம்புக்கு முடியாமல் கிடந்தபோது நேர்ந்துகொண்டது. 41 நாள் விரதம், ஒருவேளைச் சாப்பாடு, அதுவும் தானே பொங்கியது. கொடியேறியதும் போய்க் காப்புக் கட்டிக்கொண்டு, செட்டோடு, அதாவது வேஷக்காரர் கூட்டத்தோடு, தெருத்தெருவாகக் காணிக்கை வாங்கிக் கோயிலில் செலுத்த வேண்டும். பத்தாம் நாள் ராத்திரி கடற்கரையில் சூரசம்ஹாரம்.

ஒரு வருஷம் எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். முகமெல்லாம் சாயம், முதுகில் கட்டிய கைகள், தலையில் ஒரு முழ உயரத்துக்குக் கிரீடம். எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது, லேசாகச் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. தட்டை நெஞ்சுக்கு நேராக நீட்டி, "என்னலே பாக்க? காணிக்கையப் போடு" என்றார். இத்தனை வருஷமாக என்னை 'சார்' என்று கூப்பிடுகிறவர்! பையில் கிடந்ததையெல்லாம் போட்டேன், கையும் தானாகக் கும்பிட்டது. அடுத்த வாரம் கடைக்குப் போனால், "கை நீளம் சரியா இருக்கா சார்?" என்று டேப்பைப் பார்த்துக் கேட்கிறார்.

கூச்சமாக இருக்காதா என்று அவரிடமே கேட்டேன். அம்மன், அருள் என்று ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன். "கிரீடம் சாயாம பாத்துக்கிடவே நேரம் சரியா இருக்கும் சார்" என்றார். இடது பக்கம் கொஞ்சம் பாரம் கூடுதலாம், தெருவில் தாழ்ந்து தொங்குகிற கேபிள் வயர் வேறு.

நான் இதைத்தான் பிடித்துக்கொள்கிறேன். உங்கள் மொரப்பாக்காரருக்கும் ஆலங்குளத்துக்கும் பாவூர்சத்திரத்துக்கும் நடுவில் கொஞ்ச நேரம்தான். டிரைவர் பிரேக் போடுவார், கண்டக்டர் இடிப்பார், சில்லறை கொடுக்க வேண்டும், பாக்கெட்டை எண்ண வேண்டும். தன்னை யார் எப்படிப் பார்க்கிறார்கள் என்று யோசிக்க அவருக்கு இடம் எங்கே? உங்கள் மீட்டிங்கில் உங்கள் கை சும்மா இருக்கிறது, அதனால் நடுங்குகிறது.

இன்னொன்றும் உண்டு. சுடலைமாடன் கோயில் கொடைவிழாவில் கணியான் கூத்து பார்த்திருக்கிறீர்களா? முதன்மைப் பாடகரான அண்ணாவி பாட, மகுடம் என்கிற பறை இரண்டு முழங்க, பெண் வேஷம் கட்டிய இரண்டு ஆண்கள் ஆடுவார்கள். அவர்கள் முகம் நம்மைப் பார்த்து இருக்காது, பீடத்தைப் பார்த்து இருக்கும். ஆட்டம் சாமிக்கு. ராத்திரி இரண்டு மணிக்குக் கூட்டத்தில் பாதி தலைக்குத் துண்டை வைத்துத் தூங்கிக்கொண்டிருக்கும், அவர்களுக்கு ஒன்றும் குறையாது. நடுவில் ஓலையைக் கொளுத்தி மகுடத்தின் தோலைக் காய்ச்சுகிற நேரத்தில், ஆடுகிறவர் சேலைக் கொசுவத்தைத் தூக்கிச் செருகிக்கொண்டு, சலங்கைக் காலோடு குத்தவைத்து டீ குடிப்பார். அதை ஒளிந்து செய்ய வேண்டும் என்று அவருக்குத் தோன்றாது, பார்க்கிற நமக்கும் தோன்றாது. மகுடம் திரும்ப அடித்ததும் எழுந்து ஆடுவார்.

ரொம்பவும் உருகிவிடக் கூடாது என்பதையும் சொல்ல வேண்டும். ராத்திரி முழுக்க வாய் மூடாமல் பார்த்தவர்கள் விடிந்ததும் கூலியில் பேரம் பேசுவதை நானே பார்த்திருக்கிறேன். உங்கள் மொரப்பாக்காரருக்கும் வீட்டு வாடகை இருக்கும். கூச்சப்பட்டால் கட்டுப்படியாகாது என்பதும் ஒரு காரணம்தான்.

வீடியோ விஷயம். டேப்ரிக்கார்டர் காலத்தில், நாட்டார் வழக்காற்றியல் படித்த ஒரு நண்பனோடு சேரன்மகாதேவிப் பக்கம் வயலுக்குப் போனேன். நடவு நடக்கிறது. ஒரு ஆச்சி பாட, மற்றவர்கள் நாற்றை ஊன்றிக்கொண்டே வாங்கிப் பாடுகிறார்கள். அப்படி ஒரு குரல். இவன் போய், "ஆச்சி, பிரமாதம், வரப்புக்கு வந்து இன்னொரு தடவை பாடுங்க" என்றான். ஆச்சி வந்தாள். சேற்றுக் கையைக் கழுவினாள், சேலையை இழுத்துவிட்டாள், வெற்றிலையைத் துப்பினாள், மைக்கைப் பார்த்தாள், தொண்டையைச் செருமி ஒரு சினிமாப் பாட்டைப் பாடினாள். அதுவும் பாதியில் மறந்துபோய், "போங்கய்யா" என்று வாயைப் பொத்திக்கொண்டாள். நாங்கள் பொட்டியை மூடிக்கொண்டு ரோட்டுக்கு ஏறும்போது பின்னால் பழைய பாட்டு கேட்டது. நண்பன் திரும்பப் போகக் கிளம்பினான், நான் சட்டையைப் பிடித்து இழுத்தேன். இரண்டு பேரும் ரோட்டில் நின்றே கேட்டோம்.

அதனால் போட வேண்டாம் தம்பி. உங்கள் போனில் இருக்கட்டும், அல்லது அடுத்த தடவை அவரிடமே காட்டிக் கேளுங்கள். அது சரி, இவ்வளவு எழுதினீர்களே, மொரப்பா வாங்கினீர்களா இல்லையா?