பழைய அலுவலகக் கணினிக்கு எந்தக் கிராபிக்ஸ் கார்டு: 1650ஆ, 6500 எக்ஸ்டியா?

வணக்கம் தம்பி. நான்காம் தலைமுறை இன்டெல் ஐ5 பிராசசர், பழைய டெல் பெட்டி, கேமோடு கலியாண வீடியோ எடிட்டிங்கும், இந்த இரண்டு கார்டில் எதை வாங்கலாம் என்று எழுதியிருந்தீர்கள். ஜிடிஎக்ஸ் 1650ஐயே எடுங்கள்.

இரண்டிலும் பெரும்பாலும் 4 ஜிபி மெமரிதான். புதிய போர்டில் ஆர்எக்ஸ் 6500 எக்ஸ்டி வேகமானது, உண்மைதான். ஆனால் அதற்கு பிசிஐஇ லேன், அதாவது கார்டுக்கும் போர்டுக்கும் இடையே தரவு போகும் பாதை, 4 மட்டுமே. உங்கள் போர்டு அதிகபட்சம் பழைய பிசிஐஇ 3.0, அதில் அந்தப் பாதையின் வேகமும் குறைவு. அதனால் கார்டின் மெமரி நிரம்பினால் கேம் திக்கித் திக்கித்தான் ஓடும். அதைவிடப் பெரிய குறை, அதில் எச்.264 என்கோடர் (வீடியோவைச் சுருக்கிப் பதியும் பகுதி) இல்லை. மணவறை வீடியோவை எக்ஸ்போர்ட் செய்யும்போது கார்டு கைகொடுக்காது. 107 வாட் வேறு, தனி பவர் வயரும் வேண்டும்.

1650 75 வாட், ஸ்லொட்டிலிருந்தே கரன்ட் எடுக்கும். சில மாடல்களில் 6 பின் பவர் சொக்கெட் இருக்கும், அதற்குத் தனி வயர் வேண்டும். யாழ்ப்பாணத்துக் கடையில் காசு கொடுக்க முதல் அந்தச் சொக்கெட் இருக்கிறதா என்று கார்டின் மேல் விளிம்பை வடிவாகப் பாருங்கள். ஒல்லிப் பெட்டி என்றால் லோ புரொஃபைல் (உயரம் குறைந்த) கார்டு கேளுங்கள்.