ஆடுகிற ஸ்டூலுக்கு என்ன சொல்?

கேள்வி: மருத்துவமனைகளுக்கும் வீட்டு உபயோகப் பொருள் கம்பெனிகளுக்கும் தமிழில் குறிப்பேடு எழுதிக்கொடுக்கும் நிறுவனத்தில் வேலை செய்கிறேன். ஆடுவது, சரிவது, விட்டு விட்டு வருவது எல்லாவற்றுக்கும் ‘நிலையற்ற’, ‘சீரற்ற’, ‘ஒழுங்கற்ற’ என்ற மூன்றைத்தான் போடச் சொல்கிறார் மேலதிகாரி. ‘நடையில் நிலையற்ற தன்மை காணப்படின் மருத்துவரை அணுகவும்’ என்று எழுதியதை அம்மாவிடம் காட்டினேன். “இது யாருக்குடி?” என்று கேட்டார். பேச்சு வழக்கில் எழுதினால் தரம் போய்விடும் என்கிறார் மேலதிகாரி. நான் யார் பக்கம் நிற்பது?
– ஒரு வாசகி, பெரம்பூர், சென்னை

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, அம்மா பக்கம் நில்லுங்கள். அதற்காக மேலதிகாரி சொல்லும் மூன்றையும் தூக்கி எறிய வேண்டாம். நல்ல சொற்கள்தான், அவற்றுக்கும் இடம் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், ‘அற்ற’ என்று முடியும் சொல் எது இல்லை என்பதை மட்டும் சொல்லிவிட்டு நின்றுவிடும். என்ன நடக்கிறது என்று சொல்லாது. ஒரு ஸ்டூல் ஆடுகிறதா, வழுக்குகிறதா, ஒரு பக்கம் சாய்கிறதா, மூட்டு விட்டுக் கலகலத்துப் போயிருக்கிறதா? நாலுக்கும் ‘நிலையற்ற’ என்று எழுதலாம். ஆனால் ஆடினால் அட்டையை மடித்துக் காலடியில் அண்டக் கொடுக்கலாம். வழுக்கினால் தரையைத் துடைக்க வேண்டும். கலகலத்துப் போனதில் ஏறவே கூடாது. குறிப்பேட்டைப் புரட்டுகிறவருக்கு வேண்டியது இதுதானே?

‘நிலை’ என்ற சொல்லையே பாருங்கள். மயிலாப்பூரில் பங்குனிப் பெருவிழாவின்போது கபாலீசுவரர் தேர் மாட வீதிகளை ஆடி அசைந்து சுற்றி வந்து சேர்ந்ததும், ‘தேர் நிலைக்கு வந்தாச்சு’ என்கிறோம். வீட்டுக் கதவைத் தாங்கும் சட்டத்துக்கும் நிலை என்றுதான் பெயர். கையால் தொட்டுப் பார்க்கக்கூடிய சொல் இது. ‘நிலையற்ற தன்மை’ என்று ஆக்கியதும் அதிலிருந்து தேரும் போயிற்று, கதவும் போயிற்று.

இப்போது உங்கள் ‘நடை’க்கு வருவோம். தமிழில் இதற்கு ஒரு பட்டாளமே இருக்கிறது, ஆனால் ஒன்றின் வேலையை இன்னொன்று செய்யாது. தடுமாறுவது ஒரு கணம் பிடிமானம் தவறுவது. பேச்சும் தடுமாறும், மனசும் தடுமாறும். தள்ளாடுவது தொடர்ந்து நடப்பது. முதுமையில் வரும், குடித்தாலும் வரும். அதனாலேயே நோயாளி கையில் கொடுக்கும் தாளில் ‘தள்ளாட்டம்’ என்று நான் எழுத மாட்டேன், படிப்பவர் மனம் நோகும். தத்தளிப்பதற்குத் தண்ணீர் வேண்டும், நிஜத் தண்ணீரோ கடன் வெள்ளமோ. ஊசலாடுவது இரண்டுக்கு நடுவில் தொங்குவது. அல்லாடுவது அங்கும் இங்கும் அலைந்து படும் பாடு, அதற்கும் நடைக்கும் சம்பந்தமில்லை. வயதானவர்களைக் கேட்டால் இன்னும் துல்லியமாகச் சொல்வார்கள்: ‘கால் தரையில பாவலை’, ‘ஒரு பக்கமா இழுக்குது’, ‘எழுந்தா கிறுகிறுன்னு வருது’. மூன்றும் மூன்று வேறு தொல்லைகள். மருத்துவர் காது கொடுத்துக் கேட்பதும் இவற்றைத்தான். இதில் எது தரம் குறைந்தது என்று எனக்குத் தெரியவில்லை.

நேரத்தில் வரும் பிசகுக்கு வேறு சொற்கள். மழை விட்டு விட்டுப் பெய்கிறது, வானிலை அறிக்கையே அப்படித்தான் சொல்கிறது. வோல்டேஜ் ஏறி இறங்குகிறது. மாதவிலக்கு முன்னே பின்னே வருகிறது, அல்லது தள்ளிப் போகிறது. போனில் பேச்சு விட்டு விட்டுக் கேட்கிறது. எல்லாவற்றையும் ‘ஒழுங்கற்ற’ என்ற ஒரே பெட்டிக்குள் போட்டால், தள்ளிப் போவதும் முந்திக்கொள்வதும் ஒன்றாகிவிடும்.

உருவத்துக்கு வந்தால் எனக்கு மிகவும் பிடித்த இடம். தமிழில் ஒழுங்கு தப்பியதைச் சொல்லும் சொற்களில் நிறைய ஜோடியாகத்தான் வருகின்றன: கோணல்மாணல், ஏறுமாறு, தாறுமாறு, எசகுபிசகு, கன்னாபின்னா, குண்டும் குழியும். கோணல் என்றால் ஒரு வளைவு. கோணல்மாணல் என்றால் எந்தப் பக்கம் வளையும் என்றே சொல்ல முடியாது. சொல்லும்போது நாக்கே ஒரு முறை அந்தப் பக்கம், ஒரு முறை இந்தப் பக்கம் போய் வருகிறது. ‘ஒழுங்கற்ற வடிவம்’ என்று சொல்லிப் பாருங்கள், நாக்கு நேராகவே போகும்.

சில மாதங்களுக்கு முன் பையனின் சைக்கிளை அயனாவரத்தில் ஒரு கடைக்குக் கொண்டுபோனேன். பின் சக்கரம் ஓடும்போது இப்படியும் அப்படியும் போனது. கடைக்காரர் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுழற்றிவிட்டு, ரிம்முக்குப் பக்கத்தில் படாமல் ஒரு சாக்பீஸைப் பிடித்தார். ரிம் வெளியே தள்ளிய இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. கோடு விழுந்த பக்கத்து ஸ்போக்கைக் கொஞ்சம் தளர்த்தி, எதிர்ப்பக்கத்து ஸ்போக்கை இறுக்கினார். மறுபடி சுழற்றல், மறுபடி சாக்பீஸ். கோடு சின்னதாகிக்கொண்டே வந்தது. “கோட்டம் எடுத்தாச்சு சார்” என்றார்.

கோட்டம்! திருக்குறளில் நடுவு நிலைமை அதிகாரத்தில் இருக்கிற சொல். ‘சொற்கோட்டம் இல்லது செப்பம் ஒருதலையா உட்கோட்டம் இன்மை பெறின்’ என்பது 119ஆவது குறள். மனத்தின் வளைவுக்கு வள்ளுவர் வைத்த சொல்தான் கிரீஸ் படிந்த கையில் ரிம்மின் வளைவுக்கு இருக்கிறது. இதைப் பேச்சு வழக்கு என்று தள்ளினால் எதை எடுத்துக்கொள்வது? உங்கள் மேலதிகாரியிடம் இதை அவசியம் சொல்லுங்கள். இன்னொன்றும் சொல்லலாம். இலக்கணமே தவறுக்கு வைத்த பெயர் ‘வழு’. வழுவுவது என்றால் நழுவுவது, சறுக்குவது. பசுவைப் பார்த்து ஆசையாக ‘என் அம்மை வந்தாள்’ என்று ஒருவர் சொன்னால் அஃறிணை உயர்திணையாகிவிடுகிறது. அதைக்கூடக் காரணம் பார்த்து ஏற்று, ‘வழுவமைதி’ என்று பெயர் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள் இலக்கணக்காரர்கள்.

சரி, ‘அற்ற’ எங்கே வேண்டும்? பாடப்புத்தகத்தில் ‘நிலையற்ற அணுக்கரு’ என்று இருப்பது சரியே. அங்கே ஆடுவதும் சாய்வதும் இல்லை, நிலைத்திருக்காது என்பதுதான் செய்தி. மருத்துவத் தாளிலும் ‘சீரற்ற இதயத்துடிப்பு’ என்று தலைப்பில் இருக்கட்டும், நோயாளி அந்தப் பெயரை வேறு இடத்திலும் பார்ப்பார். தலைப்பு மேலதிகாரிக்கு, கீழே வரும் வாக்கியம் நோயாளிக்கு. இந்தப் பேரத்துக்கு அவர் ஒத்துக்கொள்வார் என்றே நினைக்கிறேன்.

எழுதும் முன் மட்டும் ஒரு வேலை இருக்கிறது. மூல வாசகத்தை எழுதிய மருத்துவரிடமோ அவர் உதவியாளரிடமோ ‘எதைச் சொல்கிறீர்கள், தடுமாறுவதா, கால் பாவாததா, இழுப்பதா, கிறுகிறுப்பா?’ என்று கேளுங்கள். நாலும்தான் என்று அவர் சொன்னால் இப்படி எழுதலாம்: ‘நடக்கும்போது தடுமாறினாலோ, கால் தரையில் பாவாததுபோல் இருந்தாலோ, உடம்பு ஒரு பக்கமாக இழுத்தாலோ, எழுந்ததும் தலை கிறுகிறுத்தாலோ உடனே மருத்துவரிடம் சொல்லுங்கள்.’

இதை அம்மாவிடம் வாசித்துக் காட்டுங்கள். எங்கேயாவது அவர் புருவம் சுருங்கினால், அந்தச் சொல்லை மாற்றிவிட்டு எனக்கும் எழுதுங்கள்.