பின்டரெஸ்டில் 600 படங்கள். பூஜை மேடை மட்டும் இல்லை

கேள்வி: சிங்கப்பூரின் தெங்காவில் எங்கள் நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுக்கு விரைவில் சாவி கிடைக்கவிருக்கிறது. ஓராண்டாக, படங்களைத் தேடிச் சேமிக்க உதவும் பின்டரெஸ்ட் தளத்தில் "புது வீடு" என்ற ஒரே பலகையில் (படத் தொகுப்பில்) ஏறத்தாழ 600 படங்களைச் சேர்த்திருக்கிறேன். இப்போது திறந்தால் அமெரிக்கப் பண்ணை வீட்டுச் சமையலறைகளே வரிசையாக வருகின்றன. நான் தேடும் சிறிய பூஜை மேடை கண்ணில் படுவதில்லை. என்ன செய்யலாம்?

பதில்: நீங்கள் எதைச் சேமிக்கிறீர்கள், எதைத் தேடுகிறீர்கள், எதைத் திறந்து பார்க்கிறீர்கள் என்பதை வைத்தே பின்டரெஸ்ட் அடுத்த படங்களைத் தேர்ந்தெடுக்கிறது. "அழகாக இருக்கிறதே" என்று சேமித்த சலவைக்கல் சமையலறைக்கும், கட்டியே தீரவேண்டும் என்று சேமித்த அலமாரிக்கும் உள்ள வேறுபாடு அதற்குத் தெரியாது. ஆகவே முதலில் அந்தப் பெரிய பலகையை அறைவாரியாகப் பிரியுங்கள். படங்களை மொத்தமாகத் தேர்ந்தெடுத்து வேறு பலகைக்கு மாற்றும் வசதி இருப்பதால், ஒரு மாலைப் பொழுதில் இதை முடித்துவிடலாம். பிறகு அமைப்புகளில், முகப்பில் வரும் பரிந்துரைகளைச் சீர்செய்யும் பக்கத்துக்குச் சென்று, வேண்டாத தலைப்புகளையும், பரிந்துரைக்கு அடிப்படையாகக் கூடாத பலகைகளையும் அணைத்துவிடுங்கள். பலரும் எட்டிப் பார்க்காத பக்கம் இது.

அடுத்தது தேடுசொல். "பூஜை அறை" என்று தமிழில் தேடினால், தனி அறையே ஒதுக்கக்கூடிய தமிழ்நாட்டு வீடுகள்தாம் பெரும்பாலும் வரும். இந்திய உள்ளலங்கார வடிவமைப்பாளர்கள் சிறிய மேடைகளை "மந்திர்" என்ற இந்திச் சொல்லால் குறிப்பிடுவதால், அதையும் ஆங்கில எழுத்தில் இட்டுப் பாருங்கள். என்னைக் கேட்டால், "ஆல்டர் கேபினட்" (சாமி அலமாரி) என்ற சொல்லுடன் சிங்கப்பூர், எச்டிபி (வீவகவின் ஆங்கிலச் சுருக்கம்) ஆகிய சொற்களைச் சேர்த்துத் தேடுவதே அதிகப் பயன் தரும். நம் சீன அண்டை வீட்டார் இதே அளவுள்ள வீடுகளில் சாமி அலமாரி வைத்து ஊதுபத்தி ஏற்றுகிறார்கள். புகைக்கரி படியாத மேற்பரப்பு, இழுத்து நீட்டக்கூடிய படையல் பலகை போன்றவற்றுக்கான யோசனைகள் அங்கே கிடைக்கும். நமது குத்துவிளக்குக்கு வேண்டிய உயரத்தை மட்டும் நீங்களே கூட்டிக்கொள்ள வேண்டியிருக்கும்.

சொல் கைகொடுக்காத இடத்தில் படத்தைக் கொண்டே தேடலாம். ஒரு வரவேற்பறைப் படத்தின் மூலையில் பிடித்தமான மாடம் தெரிந்தால், படத்தின் மீதுள்ள தேடல் குறியைத் தொட்டு, கட்டத்தை அந்த மாடத்தின் அளவுக்குச் சுருக்குங்கள். அதைப் போன்ற வேறு மாடங்கள் வரும். இப்படி இரண்டு மூன்று முறை தாவினால், எந்தச் சொல்லாலும் எட்டமுடியாத படங்களை எட்டலாம்.

கிடைத்த படத்தை அப்படியே நம்பிவிடாதீர்கள். அதன் மூல இணைப்பைத் திறந்து, உண்மையாகவே யாரோ கட்டிய வீடுதானா, அளவும் மரவகையும் தரப்பட்டுள்ளனவா என்று பாருங்கள். செயற்கை நுண்ணறிவு உருவாக்கிய உள்ளலங்காரப் படங்கள் இப்போது ஏராளம். பின்டரெஸ்ட் 2025இல் அவற்றுக்கு அடையாளக் குறிப்பு இடத் தொடங்கியதுடன், சில தலைப்புகளில் அவற்றைக் குறைத்துக் காட்டும் தெரிவையும் பரிந்துரை அமைப்புகளில் சேர்த்தது. ஆனால் எல்லாப் படத்திலும் குறிப்பு இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது. தாங்கு எதுவுமின்றிச் சுவரில் மிதக்கும் கல் மேடையைக் கண்டால் ஐயப்படுங்கள்.

வீவக விதிகளும் படத்துக்குத் தெரியாது. புது வீட்டில் குளியலறைத் தரை, சுவர் ஓடுகளை முதல் 3 ஆண்டுகளுக்கு அகற்றி மாற்ற முடியாது. பாம் ஷெல்டரின் (வீட்டுக்குள் உள்ள வெடிகுண்டுப் பாதுகாப்பு அறையின்) சுவரை இடிக்கவும் அதன் கதவைக் கழற்றவும் அனுமதி இல்லை. அவ்வறையைப் பூஜை அறையாக்கும் படம் கண்ணில் பட்டால், உள்ளே என்ன வைத்திருக்கிறார்கள் என்று மட்டும் பாருங்கள்.

கடைசியாக, கணவரோடும் மாமியாரோடும் பகிர்ந்துகொள்ள ஓர் இரகசியப் பலகையைத் தொடங்குங்கள். நீங்கள் அழைத்தவர்கள் மட்டுமே அதைக் காண முடியும். மூவருக்கும் ஒத்துப்போன ஏழெட்டுப் படங்களை அதில் நிறுத்தி, பூஜை மேடைக்கான இடத்தின் அகலம், உயரம், ஆழம் ஆகியவற்றை மில்லிமீட்டரில் எழுதி வைத்துக்கொண்டு, வீவகவின் புதுப்பிப்புக் குத்தகையாளர் பட்டியலில் உள்ள ஒருவரைச் சந்தியுங்கள். மற்ற 590 படங்களை அவரிடம் காட்டவேண்டியதில்லை.