ஞாயிறு தவறாமல் சர்ச்சுக்குப் போகிறேன், காணிக்கை கொடுக்கிறேன். கிறிஸ்தவனாக இருக்க இது போதாதா?

போதாது என்றுதான் சொல்வேன். என் பேச்சை விடுங்கள், வேதாகமத்தில் வரும் எபேசு சபையின் கதையைப் பாருங்கள். பவுல் மூன்று வருஷம் கண்ணீரோடு புத்தி சொல்லி வளர்த்த சபை. அவர்களுக்கு எழுதிய நிருபத்தைக்கூட, கிறிஸ்துவிடம் அழியாத அன்பு வைத்தவர்களுக்குக் கிருபை உண்டாகட்டும் என்றுதான் முடிக்கிறார். பிறகு அதே சபைக்கு வெளிப்படுத்தின விசேஷம் 2ஆம் அதிகாரத்தில் கிடைக்கும் ரிப்போர்ட் கார்டைப் படியுங்கள். உழைப்பு இருக்கிறது, பொறுமை இருக்கிறது, கள்ள அப்போஸ்தலரைச் சோதித்துக் கண்டுபிடித்தும் இருக்கிறார்கள். இதில் பாதி இருந்தாலே நாங்கள் ஆண்டுக் கூட்டத்தில் கைதட்டியிருப்போம். ஆண்டவரோ, "நீ ஆதியில் கொண்டிருந்த அன்பை விட்டாய்" என்கிறார். மனந்திரும்பாவிட்டால் அந்தச் சபையைக் குறிக்கும் விளக்குத்தண்டையே எடுத்துவிடுவாராம்.

அன்பு என்றால் பாட்டு நேரத்தில் அழுவது என்று நினைத்துவிடாதீர்கள். அழுதவர்களே வெளியே வந்து கார் நிறுத்தும் இடத்துக்குச் சண்டை போடுவதைப் பார்த்தவன் நான். பேதுருவிடம் இயேசு மூன்று முறை 'என்னை நேசிக்கிறாயா' என்று கேட்டார். பதில் வந்த ஒவ்வொரு முறையும் ஆடுகளைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார்.

நான் இருப்பது மலேசியாவில், சுங்கை சிப்புட். எங்கள் சபையில் ஓர் அத்தை, செம்பனைக் காட்டில் பழம் பொறுக்குகிறவர். மண்டோர் (வேலையை மேற்பார்க்கிறவர்) ஒருவர் அவருடைய சாக்குக் கணக்கில் கை வைத்துவிட்டார். ஆபீஸ் வாசலில் நின்று சத்தம் போட்டும் காசு வரவில்லை. பின்னாளில் அந்த மண்டோர் பக்கவாதத்தில் விழுந்தபோது, தூக்குச் சட்டியில் கஞ்சி கொண்டுபோனது இந்த அத்தைதான்.

"மனசு ஆறிடுச்சா அத்தே?" என்று கேட்டேன்.

"எங்க ஆறுது? கோவம் அப்படியேதான் இருக்கு. இயேசப்பா போன்னா என்னால மாட்டேன்னு சொல்ல முடியலடா."

கஞ்சியில் உப்பைக்கூடக் குறைத்துத்தான் போட்டிருந்தார். டாக்டர் சொன்னாராம்.

நீங்கள் கேட்டதில் காணிக்கையும் சர்ச்சும் இருந்தன, இயேசு இல்லை. அதனால்தான் இவ்வளவு சொல்கிறேன். அன்பு வற்றிப்போனதுபோல் இருந்தால், எபேசுக்காரர்களுக்குச் சொன்னதையே செய்து பாருங்கள்: எங்கிருந்து விழுந்தாய் என்று நினை, மனந்திரும்பு, ஆதியில் செய்ததைச் செய். உணர்ச்சியை வரவழைத்துக்கொள் என்று அங்கே ஒரு வார்த்தையும் இல்லை. சுவிசேஷத்தைத் திரும்ப எடுங்கள். மாற்கு மொத்தமே 16 அதிகாரம்தான், ஒரே மாலையில் முடித்துவிடலாம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கும் வழக்கம்போலப் போங்கள்.