பென்டிரைவில் ஆயிரம் எழுத்துரு

கேள்வி: பம்பலப்பிட்டியில் ஒரு கடையில் ‘1000 தமிழ் எழுத்துரு’ என்று ஸ்டிக்கர் ஒட்டிய பென்டிரைவை 3,500 ரூபாய்க்கு வாங்கினேன். பாதிக்கு மேல் இணையத்தில் சும்மா கிடைக்கிறதாம், மருமகன் சொல்கிறான். காசைத் திருப்பிக் கேட்கலாமா?
– கலியாணக் காட் அச்சிடுபவர், கொட்டாஞ்சேனை

பதில்: மருமகன் சொல்வது சரி. மீரா இனிமை, முக்தா மலர், ஹிந்த் மதுரை எல்லாம் ஓ.எப்.எல். என்ற திறந்த அனுமதியில் வெளிவந்தவை. எஸ்.ஐ.எல். நிறுவனம் எழுதிய அனுமதி அது, இப்போதுள்ள 1.1 பதிப்பு 2007இல் வந்தது. யாரும் பாவிக்கலாம், திருத்தலாம், பிரதி எடுத்துக் கொடுக்கலாம். எழுத்துருவை மட்டும் தனியாக விலைக்கு விற்கக்கூடாது. ஏதாவதொரு மென்பொருளோடு சேர்த்து விற்கலாம் என்று ஒரு வழி இருக்கிறது. பென்டிரைவில் தட்டச்சு மென்பொருள் ஒன்றும் கிடந்தால் அந்தளவில் கடைக்காரர் தப்பிவிடுவார்.

எனக்குப் பயம் மற்றப் பாதியில்தான். விலைக்கு விற்கப்படும் எழுத்துருக்களின் திருட்டுப் பிரதிகளும் இப்படியான மூட்டைகளில் கலந்து வரும். எங்கிருந்து வந்தது என்று தெரியாத எதையும் கலியாணக் காட்களில் போடாதீர்கள். பற்றுச்சீட்டோடு போய்க் கேளுங்கள். தட்டிக்கழித்தால் நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு 1977 என்ற இலக்கத்தில் முறையிடலாம். வாங்குபவரைத் தவறாக வழிநடத்தி விற்பதை 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தடுக்கிறது.

கேள்வி: கடைப் பெயர்ப்பலகைக்கு நோட்டோ தமிழ் எழுத்துருவைப் பாவித்தால் கூகுளுக்குக் காசு கட்ட வேண்டுமா?
– புடைவைக் கடைக்காரர், வெள்ளவத்தை

பதில்: ஒரு சதமும் வேண்டாம்.

கேள்வி: என் முன்பள்ளிக்கென்றே தனி எழுத்துரு செய்து தருவதாகச் சொன்ன ஒரு வடிவமைப்பாளருக்கு 85,000 ரூபாய் கொடுத்தேன். போன மாதம் மருதானையில் ஒரு கொத்துரொட்டிக் கடைப் பலகையில் அதே எழுத்தைக் கண்டேன். கேட்டதற்கு, ‘மிஸ், நான் கொஞ்சம் மாற்றினேன்தானே’ என்கிறார்.
– ஆசிரியை, தெஹிவளை

பதில்: உங்களை நன்றாகவே ஏமாற்றியிருக்கிறார், மிஸ். முதலில் ஒரு காரியம் செய்யுங்கள். அவர் தந்த கோப்பின் மேல் வலது கிளிக் செய்து ‘ப்ராப்பர்ட்டீஸ்’ போய், ‘டீடெயில்ஸ்’ பக்கத்தைப் பாருங்கள். பதிப்புரிமை என்ற வரியில் வேறு யாருடைய பெயராவது இருக்கும். கூடவே வந்த அனுமதிக் கோப்பைத் தூக்கி எறிகிறவர்களுக்கு எழுத்துருவின் உள்ளேயும் அந்த விபரம் இருப்பது பெரும்பாலும் தெரியாது.

இந்த ஊரில் எனக்கு வயிறு எரிகிற விஷயம் இதுதான். யாரோ மாதக்கணக்கில் இருந்து கொம்பும் சுழியும் பார்த்துப் பார்த்து வரைகிறார்கள். ‘ணை’ எங்கே முட்டுகிறது, ‘ஸ்ரீ’ எங்கே உடைகிறது என்று சோதித்து, எல்லாரும் எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுகிறார்கள். அவர்கள் கேட்பது கொஞ்சம்தான்: பதிப்புரிமைக் குறிப்பையும் அனுமதியையும் கூடவே வையுங்கள், ஒதுக்கி வைத்த பெயர் என்று நாங்கள் சொன்னதை உங்கள் திருத்திய பிரதிக்குச் சூட்டாதீர்கள், திருத்தியதையும் இதே அனுமதியிலேயே வெளியிடுங்கள். நம்மவர் அந்த டெக்ஸ்ட் கோப்பை அழித்து, ‘க’வின் வாலை ஒரு நூல் நீட்டி, ‘உங்களுக்கு மட்டும்’ என்று பில் போடுகிறார். மூலம் ஓ.எப்.எல். என்றால் திருத்தியதும் ஓ.எப்.எல்.தான். உங்களுக்கு மட்டும் என்று எழுதித் தர அவருக்கு உரிமையே இல்லை.

வால் நீட்டிய கூலியை அவர் கேட்கட்டும், அது உழைப்பு. தனியுரிமைக்கென்று வாங்கிய காசைத் திருப்பித் தரச் சொல்லுங்கள். ‘தனி எழுத்துரு’ என்று அவர் அனுப்பிய வட்ஸ்அப் செய்தியை அழித்துவிடாதீர்கள். மூலம் ஓ.எப்.எல்.தான் என்றால் பள்ளிப் பலகையை மட்டும் கழற்ற வேண்டாம். அந்த எழுத்தைப் பாவிக்க உங்களுக்குப் பூரண உரிமை உண்டு.

கேள்வி: முறுக்குப் பக்கற்றுக்கு இலவச எழுத்துரு ஒன்றைப் போட்டு 5,000 லேபிள் அடித்துவிட்டோம். இப்போது அதை வரைந்தவர் காசு கேட்டு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறார். கூட வந்த குறிப்பில் ‘சொந்தப் பாவனைக்கு மட்டும்’ என்று இருந்ததாம். நாங்கள் பார்க்கவில்லை.
– சிறுதொழில் செய்பவர், மட்டக்குளி

பதில்: காசைக் கட்டுங்கள். முறுக்கு விற்பது சொந்தப் பாவனையா? இரண்டு வரிக் குறிப்பு அது. தரவிறக்கும்போது திறந்து பார்த்திருந்தால் ஓ.எப்.எல். எழுத்துரு ஒன்றை எடுத்துப் போட்டிருக்கலாம், செலவே இல்லை.

கேள்வி: பழைய பாமினி கோப்பிலிருந்து கைபேசிக்கு எடுத்தால் ஆங்கில எழுத்தாக வருகிறது. எழுத்துரு பழுதா?
– ஓய்வுபெற்ற எழுதுவினைஞர், கொம்பனித்தெரு

பதில்: பழுதில்லை ஐயா. பாமினியில் தமிழ் வடிவங்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. எழுத்துரு இல்லாத இடத்தில் ஆங்கிலம் வெளியே தெரியும். புள்ளி வரவேண்டிய இடத்திலெல்லாம் அரைப்புள்ளி நிற்கும், பாருங்கள். எந்தக் கைபேசியிலும் தமிழாகவே தெரியும் யூனிகோடு முறைக்கு மாற்றித் தரும் கருவிகள் இணையத்தில் இலவசமாக உண்டு, அதற்குக் காசு கொடுக்க வேண்டாம். இதே பாமினி வகையில் ஓர் ‘அழகு’ எழுத்துருவை ஒருகாலத்தில் நானும் காசு கொடுத்து வாங்கினேன். யூனிகோடு வந்தபின் கோப்புறையில் சும்மா கிடக்கிறது.

கேள்வி: நான் செய்யும் கைபேசிச் செயலிக்குள் ஓ.எப்.எல். எழுத்துருவை வைத்து, செயலியை விலைக்கு விற்கலாமா?
– மாணவர், மொரட்டுவை

பதில்: தாராளமாக. அனுமதிக் கோப்பையும் சேர்த்து வையுங்கள், தம்பி.