பாதி ஷாட்டை விட்டுவிட்டுப் போகலாமா?

கேள்வி: சென்னையில் ஓர் அனிமேஷன் ஸ்டுடியோவில் மூன்று ஆண்டுகளாக வேலை செய்கிறேன். ஹைதராபாத் ஸ்டுடியோ ஒன்று நல்ல சம்பளத்துக்குக் கூப்பிடுகிறது. ஆனால் அடுத்த வாரமே சேர வேண்டும் என்கிறது. என் கையில் முடியாத ஷாட்டுகள் இருக்கின்றன; படத்தை ஒப்படைக்க இன்னும் மூன்று வாரம்தான் இருக்கிறது. சொல்லாமல் போய்விடலாமா என்று யோசிக்கிறேன். இன்னொரு விஷயம்: என் வேலையைக் காட்ட நான் தொகுத்து அனுப்பிய ஷோரீலில் என் டீமில் மற்றவர்கள் செய்த சில ஷாட்டுகளும் இருக்கின்றன. எல்லோரும் செய்வதுதானே? "கலைஞனுக்குத் திறமை போதும், ஒழுங்கெல்லாம் குமாஸ்தாவுக்கு" என்கிறான் நண்பன். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகர், சென்னை

பதில்: வேலை மாறுவது உங்கள் உரிமை. நல்ல சம்பளம் கிடைத்தால் தாராளமாகப் போங்கள். மூன்று ஆண்டு உழைத்தவரை விசுவாசத்தின் பெயரால் கட்டிப்போட யாருக்கும் அதிகாரமில்லை. சொல்லாமல் போவதுதான் தவறு. அடுத்தவர் செய்த ஷாட்டை உங்களுடையது என்று காட்டியது அதைவிடப் பெரிய தவறு. அது திருட்டு. எல்லோரும் செய்தாலும் திருட்டுதான்.

ரீலை முதலில் பேசிவிடுவோம். இந்தியாவில் இந்தத் தொழில் நடப்பது விரல்விட்டு எண்ணக்கூடிய சில நகரங்களில்தான். சென்னையில் இருந்தவர் ஹைதராபாதில் டீம் லீடாக இருக்கிறார், அவருடன் படித்தவர் பெங்களூரில் சூப்பர்வைசராக இருக்கிறார். ஒரே ஷாட் இரண்டு பேருடைய ரீலில் வந்து நின்றால் அதைக் கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. பார்த்தவர் உங்களைக் கூப்பிட்டு விளக்கம் கேட்கமாட்டார், சண்டையும் போடமாட்டார். ரீலை நிறுத்திவிட்டு அடுத்தவருடையதைப் போடுவார். எதற்காக நிராகரிக்கப்பட்டோம் என்பதே உங்களுக்குத் தெரியாமல் போகும்.

மாட்டிக்கொள்ளாமல் வேலையில் சேர்ந்துவிட்டீர்கள் என்றே வைத்துக்கொள்வோம். அந்த ஷாட்டைப் பார்த்து உங்களை எடுத்தவர்கள் அதே தரத்தில் வேலை கொடுப்பார்கள். கனமான மூட்டையுடன் ஒரு பாத்திரம் படியேற வேண்டும். இடுப்பு எந்தச் சட்டகத்தில் (ஃப்ரேமில்) இறங்க வேண்டும், பாரம் எந்தக் காலுக்கு மாற வேண்டும் என்பது அதைச் செய்து பார்த்த கைக்குத்தான் தெரியும். அன்றாட வேலையைத் திரையில் போட்டுப் பார்க்கும் முதல் டெய்லிஸிலேயே முழுப் பூசணிக்காய் சோற்றுக்கு வெளியே வந்துவிடும்.

கூட்டு வேலையைக் காட்டுவதில் தவறே இல்லை. அனிமேஷனில் ஒரு ஷாட்டை ஒருவரே முடிப்பது அபூர்வம். ஒருவர் மாடல் செய்கிறார், ஒருவர் அதை அசைக்க எலும்புக்கூடு போல ரிக் போடுகிறார், ஒருவர் அசைக்கிறார், ஒருவர் வெளிச்சம் வைக்கிறார், ஒருவர் எல்லாவற்றையும் கோக்கிறார். "பாத்திரத்தின் அசைவு மட்டும் என்னுடையது" என்று ரீலின் கீழே ஒரு வரி போட்டால் போதும். அந்த வரியால் உங்கள் மதிப்பு குறையாது. எதிரே இருப்பவருக்கு உங்கள்மேல் நம்பிக்கை பிறப்பது அந்த வரியில்தான்.

இனி, பாதியில் விடும் ஷாட்டுகள். நீங்கள் போன மறுநாள் காலை மாயா என்ற அனிமேஷன் மென்பொருளில் உங்கள் ஃபைலை இன்னொருவர் திறப்பார். அநேகமாக உங்களைவிட வயதில் சிறியவர், இரண்டு நாளில் முடிக்கச் சொல்லி அவரிடம் தள்ளியிருப்பார்கள். உள்ளே 'ஃபைனல்', 'ஃபைனல் 2', 'புது ஃபைனல்' என்று மூன்று ஃபைல்கள். எது டைரக்டர் பார்த்துச் சரி சொன்னது என்று எழுதிவைக்கவில்லை. பாத்திரத்தின் மேல் போர்த்தும் படங்களான டெக்ஸ்சர்கள் சர்வரில் இல்லை. உங்கள் மெஷினின் டி டிரைவில் கிடக்கின்றன, அந்த மெஷினை அதற்குள் வேறு யாருக்கோ கொடுத்திருப்பார்கள். பாத்திரம் முழங்காலை மடக்கும் இடத்தில் ஒரு சட்டகம் வெட்டி இழுக்கிறது. அதை எப்படிச் சரிசெய்யவிருந்தீர்கள் என்பது உங்கள் தலையில் மட்டும் இருக்கிறது. அந்தப் பையன் ராத்திரி இரண்டு மணிக்கு உங்கள் பெயரைச் சொல்வானே, இந்தத் தொழிலில் உங்கள் பெயர் என்பது அதுதான். திரையில் படம் முடிந்து ஓடும் பெயர்ப் பட்டியல் அதற்குப் பிறகுதான். ஐந்து ஆண்டு கழித்து அவன் ஏதோ ஒரு ஸ்டுடியோவில் லீடாக இருப்பான். "இவரைத் தெரியுமா?" என்று யாராவது அவனைக் கேட்பார்கள்.

உங்கள் நண்பரின் வாதத்துக்கு வருகிறேன். திறமை மட்டும் போதுமென்றால் ரிச்சர்ட் வில்லியம்ஸுக்கு அது நடந்திருக்கவே கூடாது. கனடாவில் பிறந்து லண்டனில் ஸ்டுடியோ நடத்தியவர். 1988-ல் வந்த 'ஹூ ஃப்ரேம்டு ராஜர் ராபிட்' படத்தின் அனிமேஷன் இயக்குநர். அந்தப் படத்துக்காக இரண்டு ஆஸ்கர் வாங்கினார். கோடு வரைவதில் அவருக்கு நிகரானவர்கள் அந்தத் தலைமுறையில் மிகச் சிலரே. அவருடைய கனவுப் படம் 'தி தீஃப் அண்ட் தி காப்ளர்'. 1960-களில் தொடங்கியது, விளம்பரப் படங்களில் சம்பாதித்த காசைப் போட்டுப் பல ஆண்டுகள் இழுத்தார். ராஜர் ராபிட் தந்த பெயரால் வார்னர் பிரதர்ஸ் முன்வந்தது. கூடவே, குறித்த காலத்தில் படம் முடியும் என்று உத்தரவாதம் கொடுக்கும் நிறுவனமும் வந்தது. அவர் ஒவ்வொரு காட்சியையும் இழைத்து இழைத்துச் செய்துகொண்டிருந்தார். கெடு தாண்டியது. 1992 மே மாதம் படத்தை அவர் கையிலிருந்து பிடுங்கினார்கள். மிச்சத்தை வேறொருவர் அவசரமாக முடித்து, வெட்டி, பாட்டுச் சேர்த்து வெளியிட்டார். கால் நூற்றாண்டுக்கு மேலான உழைப்பு.

அந்தக் கதையை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் மனம் பொறுப்பதில்லை. வில்லியம்ஸ் சோம்பேறி அல்ல, ஏமாற்றுக்காரரும் அல்ல. தன் காசில் செய்தவரை எத்தனை ஆண்டு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ள அவருக்கு உரிமை இருந்தது. அடுத்தவர் பணத்தை வாங்கித் தேதி கொடுத்த அன்றே நிலைமை மாறிவிட்டது, அவர் மாறவில்லை. பிறகு அவர் ஊர் ஊராகப் போய்ப் பாடம் நடத்தினார், 2001-ல் 'தி அனிமேட்டர்ஸ் சர்வைவல் கிட்' எழுதினார். நீங்கள் ஒரு பாத்திரத்தை நடக்கவைக்கப் பழகியதும் அதைப் பார்த்தாகத்தான் இருக்கும். ஆனால் அவ்வளவு பெரிய படம் ஒன்றை நம்பி ஒப்படைக்க அதற்குப் பிறகு யாரும் வரவில்லை.

இதையெல்லாம் சொல்வதால் ஸ்டுடியோக்காரர்கள் பக்கம் நிற்கிறேன் என்று எண்ணவேண்டாம். ஒழுங்கு என்ற சொல்லைத் தொழிலாளியிடம் மட்டும் காட்டுகிறவர்கள் அங்கே ஏராளம். அமெரிக்காவில் பெரிய ஸ்டுடியோக்கள் ஒருவர் ஆளை மற்றவர் இழுப்பதில்லை என்று தங்களுக்குள் பேசிவைத்துச் சம்பளத்தை ஏறவிடாமல் செய்தன என்று 2014-ல் அனிமேட்டர்கள் வழக்குப் போட்டார்கள். டிஸ்னி தரப்பு மட்டும் 2017-ல் 10 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொள்ள ஒப்புக்கொண்டது. 'லைஃப் ஆஃப் பை' படத்தின் புலியை உருவாக்கிய ரிதம் அண்ட் ஹியூஸ் 2013 பிப்ரவரியில் திவாலானது; அதே மாதம் அந்த வேலைக்கு ஆஸ்கர் கிடைத்தது. மும்பையிலும் ஹைதராபாதிலும் அதற்குக் கிளைகள் இருந்தன. விருது மேடையில் நன்றி சொல்லிக்கொண்டிருந்தவரின் பேச்சைப் பாதியில் இசை போட்டு நிறுத்தினார்கள். வெளியே நூற்றுக்கணக்கான கலைஞர்கள் போராட்டம் நடத்திக்கொண்டிருந்தார்கள்.

ஆகவே ஒன்று கேட்கிறேன்: இப்போதைய ஸ்டுடியோ உங்களுக்குச் சம்பளம் ஒழுங்காகத் தருகிறதா? மாதக்கணக்கில் பாக்கி வைத்திருந்தாலோ, அசல் சான்றிதழ்களை வாங்கிப் பூட்டிவைத்திருந்தாலோ என் பதில் வேறு. பாக்கியையும் சான்றிதழையும் எழுத்து மூலம் கேளுங்கள், கேட்டதற்குச் சான்று வைத்துக்கொள்ளுங்கள், கிளம்புங்கள். அப்போதும் ஃபைல்களை ஒழுங்காக வைத்துவிட்டே கிளம்புங்கள். அவற்றைத் திறக்கப்போகும் பையன் உங்கள் சம்பளத்தைப் பிடித்தவனில்லை.

அப்படி ஒன்றும் இல்லையென்றால், இன்றே ஹைதராபாதுக்கு எழுதுங்கள்: கையிலிருக்கும் வேலையை முடிக்க மூன்று வாரம் வேண்டும் என்று. உருப்படியான ஸ்டுடியோ சம்மதிக்கும், நாளைக்கு நம்மையும் இவர் நடுவழியில் விடமாட்டார் என்று அவர்களுக்குப் புரியும். "முடியாது, சொல்லாமல் வந்துவிடு" என்றால், அங்கே உங்கள் ஷாட்டுகள் எந்த லட்சணத்தில் கைமாறும் என்பதை அவர்களே சொல்லிவிட்டார்கள். அதே கடிதத்தோடு, உங்கள் ஷாட்டுகள் மட்டும் இருக்கும் புது ரீலையும் அனுப்பிவிடுங்கள். பழையதில் மற்றவர்கள் வேலையும் கலந்திருந்தது என்பதை மறைக்காமல் எழுதுங்கள். வெளிவராத படத்தின் ஷாட் எதுவும் அதில் இருக்கக் கூடாது. ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருப்பீர்கள், ஒருமுறை எடுத்துப் படித்துப் பாருங்கள்.