குடியிருப்பை ஒட்டி விளையாட்டரங்கம்: குமரி மாவட்ட வாசகர்களின் கேள்விகளுக்கு ஓய்வுபெற்ற பொதுப்பணித்துறைப் பொறியாளரின் பதில்கள்

கேள்வி (தக்கலை): ஐயா, எங்கள் வீடுகளுக்குப் பின்னால் உள்ள ஐந்து ஏக்கர் தாழ்வான நிலத்தில் விளையாட்டரங்கம் வரப்போவதாகச் சொல்கிறார்கள். நாங்கள் முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

பதில்: நிலத்தின் வகையைப் பாருங்கள். இரைச்சலுக்கும் வாகன நெரிசலுக்கும் அரங்கம் எழுந்த பிறகும் ஓரளவு பரிகாரம் தேடலாம். நீர்வழியை அடைத்துவிட்டால் அதைத் திரும்பத் திறப்பது ஏறக்குறைய முடியாத காரியம். கிராம நிர்வாக அலுவலரிடம் ‘அ’ பதிவேட்டு (புல எண்வாரியாக நிலத்தின் வகையைக் காட்டும் வருவாய்ப் பதிவேடு) நகலையும் புலப்படத்தையும் (நிலத்தின் அளவை வரைபடம்) எழுதிக் கேட்டு வாங்குங்கள். நிலம் குளம், ஓடை, வாய்க்கால் புறம்போக்கு ஆகியவற்றுள் ஒன்றாகப் பதிவாகியிருக்கிறதா, பக்கத்துப் புல எண்களில் அவ்வாறு ஏதேனும் உள்ளதா என்று பாருங்கள். நம் மாவட்டத்தில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட குளங்கள் உள்ளன. அவற்றுள் பல, ஒன்று நிரம்பி மறுகாலில் வழியும் தண்ணீர் அடுத்ததைச் சென்றடையும்படி தொடராக அமைந்தவை. தென்மேற்கு, வடகிழக்கு என இரு பருவமழைகளையும் பெறும் நமக்கு அந்தத் தொடரே வடிகால்.

ஒரு கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் 100 மி.மீ. மழை பெய்தால் ஐந்து ஏக்கரில் விழும் தண்ணீர் சுமார் 20 லட்சம் லிட்டர். இன்று அதில் ஒரு பகுதி மண்ணில் இறங்குகிறது, மீதி மெதுவாக வடிகிறது. செம்மண் கொட்டி மேடாக்கி, உருளை ஓட்டி இறுக்கி, வாகன நிறுத்தத்துக்குக் கான்கிரீட் போட்ட பிறகு, அதன் பெரும்பகுதி ஒரே மூச்சில் தாழ்ந்த பக்கம் பாயும். அங்கே இருப்பவை உங்கள் வீடுகள். மதிலின் அடியில் ஒற்றைக் குழாயைப் பதித்துவிட்டு, வரைபடத்தில் ‘வடிகால் வசதி உண்டு’ என்று எழுதிவிடுவதை என் பணிக்காலத்தில் பலமுறை கண்டிருக்கிறேன். அந்தக் குழாயின் வாயில் ஒரு தென்னை மட்டையும் நான்கு பிளாஸ்டிக் பைகளும் சிக்கினால், அன்றிரவே தண்ணீர் அடுக்களைக்குள் வந்துவிடும். எனவே தண்ணீர் எந்த ஓடையில் சேர்கிறது, அந்த ஓடையின் அகலம் போதுமா என்ற இரண்டுக்கும் எழுத்தில் பதில் பெறுங்கள்.

கேள்வி (மார்த்தாண்டம்): இரவு நேர ஒலிபெருக்கிக்கு வரம்பு உண்டா?

பதில்: உண்டு. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி குடியிருப்புப் பகுதியில் பகலில் 55, இரவில் 45 டெசிபல் வரம்பு. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. ஒலிபெருக்கி வைக்க உரிய அதிகாரியின் எழுத்துப்பூர்வ அனுமதி தேவை. திறந்தவெளியில் இரவு 10 மணிக்குப் பிறகு அதற்குத் தடை உண்டு. பண்பாட்டு, சமய விழாக்களுக்காக ஆண்டுக்கு 15 நாள்களுக்கு மிகாமல் நள்ளிரவு வரை அரசு தளர்வு தரலாம்.

கேள்வி (சுசீந்திரம்): அரங்கத்தின் கோபுர விளக்குகளின் உயரத்தைக் குறைக்கச் சொல்லலாமா?

பதில்: வேண்டாம். கம்பம் தாழ்ந்தால் விளக்கைக் கிடையாகத் திருப்ப நேரும். ஒளி நேரே உங்கள் சன்னலுக்கு வரும். உயர்ந்த கம்பத்திலிருந்து செங்குத்தாகக் கீழ்நோக்கிய, மறைப்புடன் கூடிய விளக்கையும், அணைக்கும் நேரத்தையும் கேளுங்கள். சுசீந்திரம் – தேரூர் நீர்நிலை 2022 முதல் ராம்சர் தளம், அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் பெற்ற ஈரநிலம். அங்கு வலசைப் பறவைகள் வருவதையும் மனுவில் குறிப்பிடுங்கள்.

கேள்வி (குளச்சல்): எங்கள் மனையின் விலை இறங்குமா?

பதில்: இது என் துறை அன்று. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரைக் கேளுங்கள்.

கேள்வி (இரணியல்): தூர்ந்துபோய், புதர் மண்டி, யாருக்கும் பயன்படாமல் கிடக்கும் குளத்தில் அரங்கம் கட்டினால் என்ன? பிள்ளைகள் விளையாட இடமின்றிக் கைப்பேசியோடு கிடக்கிறார்கள். தங்களைப் போன்றவர்கள் வளர்ச்சியைத் தடுக்கிறீர்கள்.

பதில்: பிள்ளைகளுக்கு மைதானம் வேண்டும் என்பதில் உங்களுக்குச் சற்றும் குறையாத விருப்பம் எனக்கு உண்டு. தூத்தூர் முதலான கடலோர ஊர்களில் கால்பந்து எப்படி வளர்ந்தது என்பதை அறிந்தவன் நான். ஆனால் தூர்ந்த குளம் பயனற்ற குளம் என்ற வாதத்தை ஏற்க மாட்டேன். தண்ணீர் நிற்காவிட்டாலும் அந்தப் பள்ளம் மழைநாளில் வெள்ளத்தை வாங்கிக்கொள்கிறது. 2021 நவம்பரில் மாவட்டத்தை வெள்ளம் சூழ்ந்தபோது தண்ணீர் எங்கெல்லாம் தேங்கியது என்று உங்கள் ஊர்ப் பெரியவர்களைக் கேளுங்கள்.

கேள்வி (கருங்கல்): இரணியல் நண்பர் சொல்வது சரியே. ஆண்டில் பத்து மாதம் வறண்டு கிடப்பதை எப்படிக் குளம் என்பது?

பதில்: இதற்கு உச்ச நீதிமன்றமே 2001இல், ஹிஞ்ச் லால் திவாரி வழக்கில் விடை சொல்லியிருக்கிறது. மழைக்காலத்தில் பரப்பு மாறுபடும் குளத்தின் எந்தப் பகுதியையும் வீடு கட்ட ஒதுக்கியிருக்கக் கூடாது என்பது அதன் முடிவு. குளங்களின் ஆக்கிரமிப்பை அகற்ற 2007ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டமும் இருக்கிறது. எட்டுப் பாதை கொண்ட 400 மீட்டர் ஓடுதளத்துக்கு ஏறத்தாழ 177 மீட்டர் நீளமும் 93 மீட்டர் அகலமும், அதாவது சுமார் நான்கு ஏக்கர் போதும். அந்த அளவு மேட்டு நிலத்தை ஊர் கூடித் தேடுங்கள்; நானும் உடன் வந்து பார்க்கிறேன்.

கேள்வி (இரணியல், மீண்டும்): மேட்டு நிலம் விலைக்கு வாங்க வேண்டும், குளம் இலவசமல்லவா?

பதில்: இலவசம் அன்று. அதன் விலையை ஒவ்வொரு மழையிலும் கீழ்ப்பகுதி வீட்டுக்காரர்கள் கட்டுவார்கள். இதைப் பற்றி இதற்கு மேல் எழுதுவதற்கில்லை.

கேள்வி (ஆசாரிப்பள்ளம்): மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்துவார்களா?

பதில்: அதை நம்பிக் காத்திருக்காதீர்கள். 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டடப் பரப்புள்ள பணிகளுக்கே முன் அனுமதி தேவை. அவற்றுக்கும் பொதுக் கருத்துக்கேட்பிலிருந்து விலக்கு உண்டு. சிற்றரங்கம் அந்த அளவை எட்டாது. ஊராட்சிப் பகுதியானால் கிராம சபையே உங்கள் மேடை.

கேள்வி (திங்கள்நகர்): இரவில் மைக் சத்தத்துக்கு என்ன செய்வது?

பதில்: மார்த்தாண்டம் வாசகருக்கு எழுதியிருக்கிறேன். தயவுசெய்து முந்தைய பதில்களைப் படித்துவிட்டுக் கேளுங்கள்.

கேள்வி (வில்லுக்குறி): வடிகால் கட்டித் தருவதாக அதிகாரி நேரில் உறுதியளித்துவிட்டார். இனி மனு தேவையா?

பதில்: கட்டாயம் தேவை. அவர் நல்லவராகவே இருக்கலாம். நாளை இடமாறிப் போவார். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் 10 ரூபாய்க் கட்டணத்துடன் மதிப்பீட்டு நகலையும் வடிகால் வரைபடத்தையும் கேளுங்கள். 30 நாள்களுக்குள் பதில் தர வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகிய நாள்களில் கூடும் கிராம சபைகளில் அடுத்து வருவதற்குச் சென்று, வடிகாலைப் பற்றித் தீர்மானம் எழுதச் சொல்லி, அது பதிவேட்டில் ஏறியதைக் கண்ணால் பார்த்துவிட்டு வாருங்கள். ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே இவை முடிந்திருக்க வேண்டும்.